முதல் ரோடு பைக்கா? கியரை விடுங்க, டயரைப் பாருங்க!

பனியன் கம்பெனி சம்பளத்தில் மிச்சம் பிடித்த 25,000 ரூபாயோடு ரோடு பைக் வாங்கப் போகும் மூலனூர் இளைஞர், கடையில் முதலில் கேட்பது 'எத்தனை கியர்?' என்றுதான். பார்க்க வேண்டியது டயரை!

மூலனூரைச் சுற்றிலும் கொறங்காடு. கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள். ஆடு மாடுகளுக்கு மேய்ச்சல், சைக்கிளுக்கு முள். 23 மி.மீ. டயர் ஸ்டைல்தான், ஆனால் இந்த ஊருக்கு 28 அல்லது 32 மி.மீ. இருந்தால் நல்லது. அந்த அகலம் ஃப்ரேமுக்குள் நுழையுமா என்று காசு கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

பல ரோடு பைக்குகளில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு இருக்கும். பஞ்சர் கடை பம்ப் அதில் சேராது. சின்ன அடாப்டர் ஒன்று பையில் கிடக்கட்டும்.

வளைந்த ஹேண்டில்பார் அழகுக்கு மட்டுமல்ல. ஆடியில் தாராபுரம் போனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் அறையும், குனிந்துதான் மிதிக்க வேண்டும். (திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும், அது போனஸ்!)

சைஸ் சரியில்லை என்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். மேல் குழாயின் மீது கால் பரப்பி நின்றால் இரண்டு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும்.

ஹெல்மெட், பம்ப், ஸ்பேர் ட்யூப், பின்விளக்குக்கு 3,000 ரூபாயைத் தனியே எடுத்து வைத்துவிட்டே கடைக்குக் கிளம்புங்கள்.