திருத்துவோர் கூடும் அவை

ஆய்வகத்திலும் களத்திலும் உருவாகும் அறிவைத் துறைக்கு வெளியே உள்ளவர்களிடம் சேர்ப்பதும், அவர்களுடைய ஐயங்களையும் அனுபவத்தையும் துறைக்குள் கொண்டுவருவதும் அறிவியல் தொடர்பியலின் பணிகளாகும். எழுத்து, காணொளி, கண்காட்சி எனப் பல வடிவங்களில் இப்பணி நடைபெற்றாலும், அவற்றுள் மிகுந்த பயிற்சியைக் கோருவது பொதுமக்கள் முன் நேரில் நிகழ்த்தும் உரையே. அத்தகைய உரைகளும், உரையாற்றுவோர் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கான துறைசார் சந்திப்புகளும் இன்று பெருகியுள்ளன. ஆயினும் உரை கைதட்டலோடும், சந்திப்பு விசிட்டிங் கார்டுப் பரிமாற்றத்தோடும் முடிந்துவிடுவதால், இரண்டிலிருந்தும் கிடைக்க வேண்டிய முதன்மையான பயன் கிடைக்காமல் போகிறது. நல்ல அறிவியல் உரை சக தொடர்பாளர்களாலும் கேட்போராலும் திருத்தப்பட்டே உருவாகிறது என்பதும், அத்திருத்தத்துக்கு இடமளிக்காத நிகழ்வு எவ்வளவு சிறப்பாக நடந்தாலும் இத்துறையை வளர்க்காது என்பதும் இவ்விதழின் உறுதியான கருத்து.

இக்கருத்துக்கு வலுவான சான்று, பொதுமக்களுக்கான அறிவியல் உரையின் முன்னோடியாகப் போற்றப்படும் மைக்கேல் ஃபாரடேயின் வாழ்க்கையே. 1791இல் பிறந்து, முறையான உயர்கல்வி பெறாமல், லண்டனில் புத்தகம் கட்டும் தொழிலில் பயிற்சியாளராக இருந்த அவர், 1812இல் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் உரைகளைக் கேட்டு, குறிப்புகளை நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பியதும், 1813இல் அங்கே உதவியாளராகச் சேர்ந்ததும் பலரும் அறிந்த செய்திகள். ஆனால் அதற்கு முன்பே, 1810 முதல், ஜான் டேட்டம் என்பவர் தம் இல்லத்தில் நடத்திவந்த உரைகளுக்கு அவர் சென்றுவந்தார் என்பதும், அக்குழுவினரின் சிட்டி தத்துவக் கழகத்தில் உறுப்பினர்களும் உரையாற்றுவோராக இருந்தனர் என்பதும் அந்த அளவுக்கு நினைவுகூரப்படுவதில்லை. இன்று துறைசார் சந்திப்பு என்று அழைக்கப்படுவதன் தொடக்க வடிவம் அதுவே.

அந்த வட்டத்தில் ஃபாரடேக்குக் கிடைத்தவை வெறும் அறிமுகங்கள் அல்ல. அங்கு நண்பரான பெஞ்சமின் அபட்டுக்கு 1813இல் எழுதிய கடிதங்களில், உரை அரங்கின் அமைப்பு, காற்றோட்டம், கருவிகளை வைக்கும் முறை, பேசுபவரின் நிற்கும் நிலையும் குரலும், உரையின் கால அளவு ஆகியவற்றை அவர் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். தாம் மேடையேறும் முன்பே பிறருடைய உரைகளைக் கூர்ந்து நோக்கி, கண்டவற்றைத் தோழர் ஒருவரோடு விவாதித்துத் தெளிந்தார் என்பதை அக்கடிதங்கள் காட்டுகின்றன. கழக நண்பர்கள் சிலர் மாலைகளில் கூடி, உரக்க வாசித்து, ஒருவர் உச்சரிப்பையும் சொற்றொடர் அமைப்பையும் மற்றவர் தயக்கமின்றிக் குறைகூறித் திருத்தும் பயிற்சியைச் சில ஆண்டுகள் தொடர்ந்தனர். அந்நண்பர்களுள் ஒருவரான எட்வர்ட் மக்ராத்தைத் தம் உரைகளுக்கு வரச்செய்து, பேச்சின் குறைகளைக் குறித்துக் கூறுமாறு ஃபாரடே கேட்டுக்கொண்டார். விரைந்து பேசும் இயல்பைக் கட்டுப்படுத்த, மெதுவாகப் பேசுமாறு நினைவூட்டும் அட்டையைத் தம் கண்ணெதிரே வைத்துக்கொண்டார். பெஞ்சமின் ஸ்மார்ட் என்ற பேச்சுக்கலை ஆசிரியரிடம் பாடமும் கேட்டார். 1827 முதல் 1860 வரையிலான காலத்தில் 19 தொடர்களாகச் சிறார்க்கான கிறிஸ்துமஸ் உரைகளை நிகழ்த்தி, ஒரு மெழுகுவத்தியைக் கொண்டே வேதியியலின் அடிப்படைகளை விளக்கிக்காட்டிய அந்தத் திறன், பிறவிக்கொடை என்று கருதப்படுவதற்கு மாறாக, நண்பர்களின் கண்டிப்பான திருத்தத்தில் விளைந்தது என்பதே இங்குக் கொள்ளவேண்டிய பாடம்.

திருத்துவோருள் இரண்டாம் தரப்பினர் கேட்போர். இவர்களுடைய பங்கைத் துறை ஏற்றுக்கொள்ள நீண்ட காலம் பிடித்தது. பொதுமக்களிடம் அறிவுக் குறை இருக்கிறது, அதை நிரப்பிவிட்டால் அறிவியலின் மீது நம்பிக்கை தானாக வளரும் என்று கருதும் போக்கு, குறைநிரப்பு அணுகுமுறை எனப்படுகிறது. பிரிட்டனில் ராயல் சொசைட்டி 1985இல் வெளியிட்ட, வால்டர் போட்மர் தலைமையிலான குழுவின் அறிக்கை, விஞ்ஞானிகள் பொதுமக்களிடம் பேசுவதைத் தம் கடமையாகக் கொள்ளவேண்டும் என்று வலியுறுத்திப் பெரும் நன்மை செய்தது. எனினும் அதன் வழிவந்த முயற்சிகள் பலவும் இந்த அணுகுமுறையிலேயே நின்றன என்ற விமர்சனம் பின்னர் எழுந்தது. மாட்டுப் பித்து நோய் மனிதரையும் தாக்கக்கூடும் என்று 1996இல் அந்நாட்டு அரசு ஒப்புக்கொண்டதைத் தொடர்ந்து, அதுவரை அளிக்கப்பட்ட உறுதிமொழிகள் மீதான நம்பிக்கை குலைந்தது. 2000இல் பிரபுக்கள் சபையின் குழு வெளியிட்ட, அறிவியலும் சமூகமும் குறித்த அறிக்கை, ஒருவழி விளக்கத்தினின்று இருவழி உரையாடலுக்கு நகரவேண்டிய தேவையை வெளிப்படையாகக் கூறியது.

அந்த உரையாடல் எவ்வாறு வடிவமைக்கப்பட வேண்டும் என்பதற்கு, தொலைக்காட்சித் தயாரிப்பாளரான டங்கன் டல்லஸ் 1998இல் லீட்ஸ் நகரில் தொடங்கிய அறிவியல் காபிக்கடைச் சந்திப்பு, அதாவது கஃபே சயின்டிஃபிக், சிறந்த எடுத்துக்காட்டாகும். பாரிஸின் தத்துவக் காபிக்கடைகளைப் பின்பற்றி உருவான இவ்வடிவத்தில், அழைக்கப்பட்டவர் படவில்லைகளின் துணையின்றிச் சுருக்கமாகப் பேசுவார்; பிறகு ஓர் இடைவேளை விடப்படும்; அதன்பின் பேச்சைவிட நீண்ட கலந்துரையாடல் நடைபெறும். இடைவேளை காபி பருகுவதற்காக மட்டும் விடப்படுவதாகத் தோன்றினாலும், முன்பின் அறியாதவர்கள் ஒரே மேசையில் தமக்குள் பேசி, தம் ஐயத்தை வினாவாக உருவாக்கிக்கொள்ள அதுவே வாய்ப்பளிக்கிறது. பேச்சு முடிந்த உடனே கேட்கப்படும்போது எழுகின்ற வினாக்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பேசிப் பழகியவர்களுடையவை. இடைவேளைக்குப் பின் எழுபவற்றில் கூச்சமுடையவர்களின் வினாக்களும் இடம்பெறுகின்றன. தாம் தெளிவாக விளக்கிவிட்டதாக எண்ணிய இடம் எது விளங்காமல் நின்றது என்பதை உரையாளர் அறிந்துகொள்வது அவ்வினாக்களால்தான்.

இந்தியாவில் இதற்கான மரபு வலுவானது. மலையாளத்தில் அறிவியல் எழுதிவந்த சிலர் 1962இல் கோழிக்கோட்டில் ஒன்றுகூடித் தொடங்கிய அமைப்பே, பின்னாளில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மாபெரும் மக்கள் இயக்கமாக வளர்ந்தது என்பது, எழுத்தாளர்களின் சிறிய சந்திப்பு எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்குச் சான்று. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980இல் தோன்றியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து புறப்பட்டு போபாலில் நிறைவுற்ற 1987ஆம் ஆண்டின் மக்கள் அறிவியல் பயணத்தில், பாட்டும் நாடகமும் வீதி உரையும் அறிவியலின் ஊடகங்களாயின. கலைக்குழு ஒன்று ஊர் ஊராக ஒரே நிகழ்ச்சியை நடத்தும்போது, ஒவ்வோர் ஊரின் எதிர்வினையும் அடுத்த ஊரின் நிகழ்ச்சியைச் செம்மைப்படுத்துகிறது; பயணக் கலைவடிவத்தின் தனி ஆற்றல் இதுவே. அறிவியல் தொடர்பியலுக்கான உலக அமைப்பு, 1989இல் பிரான்சின் புவாத்தியேயில் தொடங்கிய தன் மாநாட்டு வரிசையை 2010இல் புது தில்லியில் நடத்தியபோது, இந்திய அனுபவம் உலக அரங்கின் கவனத்துக்கும் வந்தது.

இத்தகைய மரபு இருந்தும், தமிழ்ச்சூழலில் இன்று நடைபெறும் பொது அறிவியல் கூட்டங்கள் பலவற்றின் நிகழ்ச்சிநிரல் கவலைக்குரியதாகவே உள்ளது. வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்போர் உரை, வாழ்த்துரை, பொன்னாடை அணிவித்தல், நினைவுப்பரிசு வழங்கல் என நேரம் செலவான பின்பே சிறப்புரை தொடங்குகிறது. கலந்துரையாடலுக்கென ஒதுக்கப்பட்ட பகுதி, நேரமின்மையைக் காரணம் காட்டி முதலில் கைவிடப்படுகிறது. விருந்தினரை மதிக்கும் பண்பு போற்றத்தக்கதே. ஆனால் வேலைநாளில் பேருந்தேறி வந்து அமர்ந்திருக்கும் ஆசிரியரையும், மாணவியையும், விவசாயியையும் கேள்வி கேட்கவிடாமல் அனுப்புவது, அவையின் முதன்மையான விருந்தினரை அவமதிப்பதாகும். தொடர்பாளர்களுக்கான சந்திப்புகளிலும் வெற்றிக்கதைகளே பேசப்படுகின்றன. எந்த விளக்கம் விளங்காமல் போயிற்று, எந்தச் செய்முறை அரங்கில் பயனற்றுப்போயிற்று என்பவை பேசப்படாததால், ஒருவர் செய்த பிழையை அடுத்தவரும் புதிதாகச் செய்து கற்கவேண்டியுள்ளது.

இந்நிலையை மாற்றப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. பொது உரைக்கான அழைப்பிதழிலேயே உரைக்கும் கலந்துரையாடலுக்கும் சம நேரத்தை அறிவித்து, மரபு உரைகளை ஒருவரோடு நிறுத்திக்கொள்ளலாம். உரைக்குப் பின் ஓர் இடைவேளை விட்டு, அருகில் அமர்ந்திருப்போர் சேர்ந்து ஒரு வினாவை உருவாக்குமாறு கேட்கலாம். துறைசார் சந்திப்புகளில், அடுத்து நிகழ்த்தவிருக்கும் உரையின் பத்து நிமிடப் பகுதியை ஒருவர் சக தொடர்பாளர்கள் முன் பேசிக்காட்ட, கேட்போர் விளங்காத இடங்களையும் மிகைப்படுத்தப்பட்ட இடங்களையும் எழுதித் தரும் அமர்வைக் கட்டாயமாக்கலாம். செல்ட்டன்ஹாம் அறிவியல் விழாவில் 2005இல் தொடங்கிய ஃபேம்லேப் என்னும் மூன்று நிமிட உரைப் போட்டியில், இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் அனைவரும் ஒருங்கே தங்கிப் பெறும் பயிற்சிப் பட்டறை, பரிசைவிட நெடுங்காலம் பயன்தரும் பகுதியாக விளங்குகிறது. போட்டிகளை நடத்தும் கல்லூரிகளும் அமைப்புகளும் இக்கூறைப் பின்பற்றலாம். ஆய்வாளர்கள் மட்டுமன்றி, கிராம சுகாதார செவிலியர், பள்ளி ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், உள்ளூர்ச் செய்தியாளர் ஆகியோரும் திருத்துவோராக அவையில் இடம்பெறவேண்டும். ஏனெனில் கடினமான ஒரு கருத்து மக்களிடம் சென்று சேரும் வழியையும் தடைபடும் இடத்தையும் அன்றாடம் காண்பவர்கள் அவர்களே. சந்திப்புகள் சென்னையோடு நின்றுவிடாமல் மாவட்டங்களுக்குச் செல்வதும், மாலையில் ஊர் திரும்பவேண்டிய பெண்களுக்கு ஏற்ற நேரத்தில் அமைவதும் இதன் தவிர்க்கவியலாத பகுதி.

குறைகூறல் உறவைக் கெடுக்கும் என்ற அச்சம் இயல்பானது. அதைப் போக்கும் வழி, திருத்தத்தைக் கைவிடுவதன்று; அதை ஆளை விடுத்து உரையை நோக்கியதாக, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட வரையறைக்குள், ஒவ்வொருவரும் முறைவைத்து உட்படுவதாக அமைப்பதே. மூத்த தொடர்பாளர்கள் தங்கள் உரையை முதலில் திருத்தத்துக்கு வைத்தால், இளையோரின் தயக்கம் தானே நீங்கும். நிகழ்வுகளை ஏற்பாடு செய்யும் ஒவ்வொருவரும் தம் அடுத்த நிகழ்ச்சிநிரலைக் கையிலெடுத்து, கேட்போர் பேசுவதற்கும் சக தொடர்பாளர் திருத்துவதற்கும் அதில் எவ்வளவு நேரம் உள்ளது என்று பார்த்து, அந்நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்று இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது.