தேருக்கு ஒரு நியாயம், காருக்கு ஒரு நியாயமா?

உங்கள் பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடிய பழைய கார் ஏதாவது நிற்கிறதா? கடலூர், சிதம்பரம் பக்கத்து ஆள் என்றால், 'நின்றது' என்றுதான் சொல்வீர்கள். பாதியை உப்புக்காற்று தின்றிருக்கும். 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சலோடு வந்த தென்பெண்ணைத் தண்ணீர் என்று ஆளுக்கொரு வாய் எடுத்துக்கொண்டது போக, மிச்சம் எடைக்குப் போயிருக்கும். கிலோ என்ன விலை என்று கேட்ட மறுநிமிடம் பேரம் முடிந்திருக்கும்.

அந்தக் கார் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக இருந்தால்? அதுவும் சோழவரத்தில் ஓடிய ஹெரால்டாக இருந்தால்?

என் வயிற்றெரிச்சல் அதைப் பற்றித்தான்.

ஹெரால்டு தெரியாத இளைஞர்களுக்காகக் கொஞ்சம். இங்கிலாந்து ட்ரையம்ஃப் கம்பெனியின் கார் அது. வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். இங்கே அதை 1961 முதல் செய்தது நம்ம சென்னை ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி. 948 சி.சி. இன்ஜின். பானெட்டை இழுத்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து மொத்த மூஞ்சியும் முன்பக்கம் சாயும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். சேஸிஸ் தனி, பாடி தனி. போல்ட்டைக் கழற்றினால் துண்டு துண்டாக வந்துவிடும். இந்த சேஸிஸின் நீளத்தைக் குறைத்துத்தான் ட்ரையம்ஃப் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. உலகம் பூரா இன்றைக்கும் ஆசையோடு வாங்குகிற ஸ்பிட்ஃபயர், நம்ம ஊர் டாக்டரும் வக்கீலும் கோர்ட்டுக்கும் கிளினிக்குக்கும் ஓட்டிப்போன ஹெரால்டுக்கு உடன்பிறப்பு. நம்ப முடிகிறதா?

அதனால்தான் ரேஸ்காரர்கள் அதை விடவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை சோழவரத்தில் இருந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷம் அங்கேதான் ரேஸ் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகுதான் அந்தக் கூட்டம் இடம் மாறியது. ராஜ வம்சத்தார் அங்கே ஓட்டினார்கள். மல்லையா ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். அவர்களை விடுங்கள். ஃபியட்டையும் ஹெரால்டையும் வைத்துக்கொண்டு, இன்ஜின் ஹெட்டைச் சீவி, கார்புரேட்டரை மாற்றி, பின்சீட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓட்டினவன்தான் நிஜமான சூரன். கோவை கரிவரதன் மாதிரி ஆட்கள் (1995-ல் சிறு விமான விபத்தில் போய்ச் சேர்ந்தார், பாவம்) மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா காரே செய்து காட்டினார்கள். 2005-ல் நரேன் கார்த்திகேயன் எஃப் ஒன்னுக்குப் போனபோது கைதட்டினோமே, அந்தப் பாதையைப் போட்டதெல்லாம் இந்தப் பட்டறைக் கைகள்தான்.

சரி, அந்த வண்டிகளுக்கு நம் அரசாங்கம் என்ன மரியாதை வைத்திருக்கிறது?

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கு விதி கொண்டுவந்தது. ஐம்பது வயசு தாண்டியிருக்க வேண்டும். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்கு. நம்பரில் 'வி.ஏ.' என்று எழுத்து வரும். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றால் ரோட்டில் எடுக்கலாம். மற்றபடி தினசரி ஓட்டக்கூடாது. இதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. அடுத்த வரியில்தான் இடிக்கிறது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டுமாம். சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் மாற்றம் செய்திருக்கக் கூடாதாம்.

ரேஸ் கார் என்றாலே மாற்றம் செய்த கார்தானே சார்! அந்த மாற்றம்தான் அதன் சரித்திரமே. ஓடாமல் ஷெட்டில் தூங்கின ஹெரால்டு விண்டேஜ். சோழவரத்தில் முட்டி மோதி ஜெயித்த ஹெரால்டு காயலான் கடை. போர்க்களம் போனவனுக்கு உடம்பில் தழும்பு இருக்கிறது, அதனால் பென்ஷன் கிடையாது என்பது மாதிரி இல்லை?

'அப்புறம் எது அசல், எது போலி என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஆனியிலும் மார்கழியிலும் சிதம்பரம் தேரோடும் வீதிகளில் ஐந்து தேர் வருகிறதே, அதில் எத்தனை கட்டை ஆதிநாள் கட்டை? சக்கரம் தேய்ந்தால் மாற்றுகிறோம், மரம் இற்றால் வேறு மரம் போடுகிறோம். திருவாரூர் ஆழித்தேர் 1926-ல் எரிந்தே போனது. மறுபடி செய்தார்கள். பிற்பாடு திருச்சி பி.ஹெச்.இ.எல். இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் போட்டுக் கொடுத்தது. யாராவது 'இது ஒரிஜினல் தேர் இல்லை' என்று வடத்தைக் கீழே போட்டார்களா? எதை, எப்போது, ஏன் மாற்றினோம் என்று தெரிந்தால் போதும், தேர் தேர்தான்.

வெளிநாட்டிலும் இதைத்தான் செய்கிறார்கள். எஃப்.ஐ.ஏ. பழைய ரேஸ் கார்களுக்கு 'ஹிஸ்டாரிக் டெக்னிக்கல் பாஸ்போர்ட்' என்று ஒன்று தருகிறது. அந்தக் காலத்து ரேஸில் வண்டி எந்த வடிவில் ஓடியதோ அந்த வடிவில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. ஷோரூமை விட்டு வந்த நாளில் எப்படி இருந்தது என்று பார்ப்பதில்லை.

இனி என் சப்ஜெக்டுக்கு வருகிறேன். பி.காம். படித்தவன், கணக்குப் பார்க்காமல் விடமாட்டேன். வருமான வரிக் கணக்கில் கார் வருஷம் 15 சதவீதம் தேயும். ஆர்.டி.ஓ. கணக்கில் வயசு ஏற ஏறக் கட்டணம் வளரும். பதினைந்து வயசில் மறுபதிவுக்கு 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்ட்டில் இருபது வயசு தாண்டின காருக்கு 10,000 ஆக்கினார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. இன்றைய ரேட்டிலேயே போட்டுப் பாருங்கள்: பதினைந்தில் ஒருமுறை, இருபதிலிருந்து நாற்பத்தைந்து வரை ஆறுமுறை, ஆக 65,000. ஐம்பதில் விண்டேஜ் பதிவுக்கு 20,000. மொத்தம் 85,000, வெறும் ஃபீஸ் மட்டும். முப்பத்தைந்து வருஷம் குற்றவாளி மாதிரி அபராதம் கட்டினால், முப்பத்தாறாவது வருஷம் 'பாரம்பரியச் சின்னம்' என்று மாலை போடுவார்கள்!

இன்னொரு கூத்து. 1983-ல் ஒருவர் 1931 மாடல் ஃபோர்டு டூரரை 20,000 ரூபாய்க்கு வாங்கினார். சில வருஷம் கழித்து 21 லட்சத்துக்கு விற்றார். சொந்த உபயோகப் பொருளை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது, கார் சொந்த உபயோகப் பொருள்தானே என்றார். வழக்கு இழுத்து இழுத்து, 2025-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது: உபயோகிக்க முடியும் என்பது வேறு, உபயோகித்தாய் என்பது வேறு, நீ சொந்த உபயோகத்துக்கு ஓட்டியதற்கு ஆதாரம் இல்லை, வரி கட்டு.

தீர்ப்பில் தப்புச் சொல்ல மாட்டேன், ஆதாரம் இல்லையென்றால் இல்லைதான். ஆனால் 2021 விதியைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். விண்டேஜ் நம்பர் வாங்கினவன் தினசரி ஓட்டினால் ஒரு சட்டம் பிடிக்கும். ஓட்டாமல் வைத்திருந்து விற்றால் இன்னொரு சட்டம் பிடிக்கும். நடுவில் நிற்பவன் என்னதான் செய்வான்?

'பணக்கார விளையாட்டுக்கு நீ ஏன்யா வக்காலத்து வாங்குகிறாய்?' என்று ஒரு வாசகர் கட்டாயம் கார்டு போடுவார். ஐயா, பணக்காரருக்கு என் வக்காலத்து தேவையே இல்லை. ராஜ்கோட் மகாராஜாவின் 1934 ரோல்ஸ் ராய்ஸ் 1968-ல் சீமைக்குப் போனது, 2010-ல் அந்தக் குடும்பமே ஏலத்தில் திரும்ப வாங்கிக்கொண்டது. யார் கையிலிருந்து யார் கைக்கு என்று அதற்கு முழு ஜாதகம் உண்டு. நான் பேசுவது ஜாதகம் இல்லாத வண்டிக்காக. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஹெரால்டு ரிப்பேர் செய்கிற ஸ்கூல் வாத்தியாருக்காக. வராத ஸ்பேர் பார்ட்ஸை லேத்தில் கடைந்து கொடுக்கிற பட்டறைக்காரருக்காக. நகரத்து சேகரிப்பாளர் ஒருவர் வந்து, 'துரு வண்டி, என்னத்த தரப்போறேன்' என்று அதைத் தள்ளிக்கொண்டு போய், பெயின்ட் அடித்துப் பேரணியில் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிற்கும்போது, கடைந்தவர் பேர் எந்த போர்டிலும் இருக்காது.

விதியில் ஒரே ஒரு திருத்தம் போதும்: போட்டியில் ஓடிய வண்டி என்று நிரூபித்தால், அந்தக் காலத்து மாற்றங்களையும் அசலாக ஏற்க வேண்டும். அது டெல்லியில் நடக்கிறபோது நடக்கட்டும். அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கொட்டகையில் வண்டி இருந்தால், சேஸிஸ் நம்பர் தகட்டையும் இன்ஜின் நம்பரையும் துடைத்துப் போட்டோ எடுங்கள். பீரோவில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி, பேர் மாற்றிய பக்கங்களை எல்லாம் ஜெராக்ஸ் எடுங்கள். அந்த வண்டியில் கை வைத்த மெக்கானிக் உயிரோடு இருந்தால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து எதை எப்போது மாற்றினார் என்று எழுதி வாங்குங்கள், அவர் பேரோடு. எடைக்காரரை அப்புறம் கூப்பிடலாம்.