கட்லா மேலே, மிர்கால் கீழே!

‘‘மாமா, நீங்க பி.காம். தானே? ஒரு மிஷின் வாங்கணும். கணக்கு பாத்துச் சொல்லுங்க.’’

ராத்திரி பத்தேகாலுக்கு போன். பேசியது என் மனைவியின் தம்பி. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற வழியில், கல்வராயன் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு கிராமம். மூன்று நண்பர்களோடு கூட்டு சேர்ந்து ஊர் ஏரியின் மீன் பாசிக் குத்தகையை ஏலத்தில் எடுத்திருந்தான். பி.காம். படித்தவனுக்கு இது ஒரு சாபம். வரவு செலவு தெரிந்தால் வாஷிங் மிஷினும் தெரிந்திருக்கும் என்று சொந்தக்காரர்கள் நம்புகிறார்கள்.

‘‘என்ன மிஷின்?’’

‘‘தண்ணிக்குள்ள மீன் எங்க இருக்குன்னு டி.வி. மாதிரி காட்டும் மாமா. ஃபிஷ் ஃபைண்டர். 28,000 ரூபா.’’

‘‘பணம்?’’

மறுமுனையில் நாய் குரைத்தது. வாசலில் நின்று பேசுகிறான் என்று புரிந்தது.

‘‘அவ வளையல் ரெண்டு இருக்கு. கூட்டுறவு பேங்க்ல வெச்சா...’’

‘‘தங்கச்சிக்குத் தெரியுமா?’’

‘‘நீங்க ஓகேன்னு சொல்லிட்டா, மாமாவே சொன்னார்னு சொல்லிக்கலாம்.’’

ஆக, ஜாமீன் கையெழுத்து நான்.

பையனைக் கெடுத்தது ஒரு வீடியோ. அமெரிக்காவில் மின்னசோட்டா என்று ஒரு மாநிலம். குளிர்காலத்தில் ஏரியின் மேல்பரப்பு பாறையாக உறைந்துவிடும். மனுஷன் அதன்மேல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, 8 அங்குலத்துக்கு ஒரு ஓட்டை போட்டு, தூண்டிலை இறக்குகிறான். பக்கத்தில் கடிகாரம் மாதிரி வட்டமாக ஒரு பெட்டி. தூண்டில் இரை ஒரு கோடாகத் தெரிகிறது. கீழேயிருந்து இன்னொரு கோடு மெல்ல மேலே வருகிறது. அதுதான் மீன். ‘லபக்’. பார்த்தால் யாருக்குமே வளையலை அடகு வைக்கத் தோன்றும்.

நானும் நாலு நாள் ஆபீஸ் வேலையை ஓரம் கட்டிவிட்டுப் படித்தேன். விஷயம் சிம்பிள். பெட்டி தண்ணீருக்குள் ஒரு சத்தத்தை அனுப்புகிறது. நம் காதுக்குக் கேட்காத சத்தம். தண்ணீரில் சத்தம் செகண்டுக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். தரையில் பட்டுத் திரும்பி வருகிற நேரத்தை வைத்து ஆழம் கணக்கு. நடுவில் மீன் இருந்தால் அதன் வயிற்றுக்குள் இருக்கிற காற்றுப்பை அந்தச் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். 1912-ல் டைட்டானிக் பனிப்பாறையில் மோதிய பிறகு இந்த ஆராய்ச்சி சூடு பிடித்தது. 1948-ல் ஜப்பானின் நாகசாகிப் பக்கம் ஃபுருனோ சகோதரர்கள் அதையே மீன் பிடிக்கத் திருப்பினார்கள். இன்றைக்கு நம்மூர்க் கடல் விசைப்படகுகளிலும் இந்தப் பெட்டி உண்டு.

விளம்பரத்தில்தான் வில்லங்கம். வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்.

முதலாவது, வாட்ஸ். ‘4,000 வாட்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். பொடி எழுத்தில் ‘பீக் டு பீக்’ என்று இருக்கும். அதை 8-ஆல் வகுத்தால் வருகிற 500-தான் நிஜமான ஆர்.எம்.எஸ். வாட்ஸ். கிராஸ் சம்பளத்தைச் சொல்லிப் பெண் கேட்கிற மாதிரி.

இரண்டாவது, ஆழம். ‘1,000 அடி வரை பார்க்கும்’. நிரம்பி வழிந்தாலே கோமுகி அணை 46 அடிதான். மச்சான் ஏரி ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. 50 கிலோஹெர்ட்ஸ் ஆழத்துக்கு, 200 கிலோஹெர்ட்ஸ் துல்லியத்துக்கு. நமக்கு 200 போதும்.

மூன்றாவது, திரையில் குட்டிக் குட்டியாக மீன் பொம்மை. அது மீன் இல்லை. மீனாக இருக்கலாம் என்று பெட்டி அடிக்கிற யூகம். குமிழி, பாசி, மூழ்கிய கிளை எல்லாவற்றுக்கும் அதே பொம்மைதான்.

நாலாவதுதான் முக்கியம். சத்தம் டார்ச் வெளிச்சம் மாதிரி கூம்பாக விரிகிறது. 20 டிகிரி கூம்பு என்றால், அடியில் தெரிகிற வட்டத்தின் அகலம் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு. 30 அடி ஆழத்தில் 10 அடி வட்டம். பனிக்கட்டி மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது ஜாக்பாட். 6 அடி ஏரியில்? 2 அடி. ஒரு முறம் அகலம்! ஏக்கர் கணக்கில் இருக்கிற ஏரியை முறம் முறமாகத் தேட வேண்டும்.

இன்னொரு கூத்து. மச்சான் விட்டிருந்தது கட்லா, ரோகு, மிர்கால். கட்லா மேல்தண்ணி மீன். பெட்டிக்குத் தன் காலடியில் உடனே இருப்பது தெரியாது. மிர்கால் சேற்றை முகர்ந்துகொண்டு திரியும். தரையோடு தரையாகக் கலந்துவிடும். மிச்சம் நடுவில் திரிகிற ரோகு. மூன்றில் ஒரு மீனைப் பார்க்க இரண்டு வளையல்!

இதையெல்லாம் போனில் சொன்னேன். ‘‘நேர்ல பாத்தாதான் மாமா நம்புவேன்’’ என்றான். நியாயம். கடலூர் முதுநகரில் படகு எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பார்க்கிற காலேஜ் தோஸ்த் ஒருவனிடம் பழைய பெட்டி ஒன்றை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இரவல் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

பரிசலில் மச்சான், நான், துடுப்புப் போட ஒரு பெரியவர். அவர் அந்த ஏரியில் வலை வீச ஆரம்பித்தபோது நான் பிறக்கவில்லை. அவரிடமும் ஒரு கருவி இருந்தது: கயிறு, நுனியில் கல், முழத்துக்கு ஒரு முடிச்சு. பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். புது மாப்பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

பைக் பேட்டரியை இணைத்து ஆன் செய்தோம். வெயிலில் திரையே தெரியவில்லை. துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு குனிந்தால், அட, மீன் பொம்மை! ‘‘போடுங்க தாத்தா’’ என்று மச்சான் கத்த, வீச்சு வலை விரிந்து விழுந்தது. வந்தது ஒரு கை வேலம்பாசி. அடுத்த பொம்மைக்கு ஒரு பிளாஸ்டிக் பை. மூன்றாவதற்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபி. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. சிரிப்பை அடக்க வெற்றிலை போட்டுக்கொண்டார்.

போதும் என்று கரைக்குத் திரும்பினோம். கரை 50 அடி இருக்கும். திரையில் ஆழம் 5 அடி, 5 அடி என்று வந்துகொண்டிருந்தது. திடீரென்று 11. அப்புறம் 18.

பெட்டி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். பெரியவர் கயிற்றை விட்டார். முடிச்சு முடிச்சாகப் போய்க்கொண்டே இருந்தது. அவர் முகம் மாறியது.

‘‘போன கோடையில வண்டல் எடுக்கறோம்னு ஜேசிபி நின்னுது. அந்தாண்ட மூலையிலதான் தோண்டறாங்கன்னு நெனச்சேன். இங்கயும் தோண்டியிருக்கான்.’’

மச்சான் பேசவில்லை. அடுத்த ஞாயிறு இழுவலை போடுவதாகத் திட்டம். பத்துப் பையன்கள் மார்பளவுத் தண்ணீரில் வலையைப் பிடித்துக்கொண்டு, சரியாக அந்த இடத்தின் வழியாகத்தான் கரைக்கு நடந்து வருவார்கள். அதில் மூன்று பேருக்கு நீச்சல் தெரியாது.

அதற்குப் பிறகு மீன் பொம்மையை யாரும் பார்க்கவில்லை. இருட்டுகிற வரை ஏரியைக் குறுக்கும் நெடுக்குமாக உழுதோம். மொத்தம் நாலு குழி. பெரியவருக்குத் தெரிந்தது இரண்டு. பெட்டி ஆழம் சொல்ல, அவர் கயிறு விட்டு ஊர்ஜிதம் செய்ய, நாலு குழியைச் சுற்றியும் மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டினோம். மீன் விஷயத்தில் புளுகிய பெட்டி, ஆழத்தில் ஒரு முறைகூடப் பொய் சொல்லவில்லை.

கணக்கு கேட்டவனுக்குக் கணக்கு சொன்னேன். ‘‘இந்த ஏரிக்கு 28,000 தண்டம். குழி கண்டுபிடிக்க வருஷத்துக்கு ஒரு தடவை நான் இரவல் வாங்கித் தர்றேன். நீ லைஃப் ஜாக்கெட் வாங்கு. நீச்சல் தெரியாதவன் கரையில நின்னு கயிறு பிடிக்கட்டும்.’’

‘‘அப்ப மீன் எங்க இருக்குன்னு எப்படித் தெரியும் மாமா?’’

பெரியவர் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். ‘‘நாம ஏன் தேடணும்? தெனம் ஒரே எடத்துல, ஒரே நேரத்துல தவிடும் புண்ணாக்கும் போடு. அதுங்க நம்மளைத் தேடி வரும்.’’

அடுத்த ஞாயிறு இழுவலை போட்டார்கள். இறங்கியவர்கள் எல்லோரும் ஏறி வந்தார்கள். லாபம் எவ்வளவு என்று மச்சான் சொன்னான். எனக்கு அந்த முதல் கணக்கே போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை தங்கச்சி பஸ்ஸில் கட்லா கொடுத்தனுப்பிவிட்டு போன் செய்தாள். மெதுவாக ஆரம்பித்தேன்: ‘‘உன் வளையல்...’’

‘‘அதை அன்னிக்கு ராத்திரியே எடம் மாத்தி வெச்சிட்டேன் அண்ணா. பத்து மணிக்கு மேல வாசல்ல நின்னு போன் பேசினா, அது அடகு விஷயம்தான்.’’

200 கிலோஹெர்ட்ஸெல்லாம் பிச்சை வாங்க வேண்டும்!