கைத்தொலைபேசியில் இரண்டு நேரம்

சகோதரிகளே, சவூதி, குவைத், கட்டார் நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பிந்தியது, துபாயில் ஒன்றரை. பெரட்டுக்குப் போகுமுன் காலை ஆறரைக்கு மகளை அழைத்தால், றியாத்தில் அதிகாலை நான்கு. வேலை வீட்டில் நடுச்சாமம் தாண்டிப் படுத்தவளின் தூக்கமல்லவா அது!

அதற்காகப் போனின் நேரத்தையே மாற்றிவிடாதீர்கள். பெரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர்தான். கடிகாரத்தைத் திறந்து, உலக நேரம் என்ற பகுதியில் கூட்டல் குறியை அழுத்தி, றியாத்தைத் தேடிச் சேருங்கள். இரண்டு நேரமும் ஒன்றாகத் தெரியும். 24 மணி முறையையும் போட்டுக்கொள்ளுங்கள். பால் வெட்டப் போக நாலு மணிக்கு வைத்த அலாரம் பின்னேரம் அடிக்காது.

நிலையத்திலுள்ள பழைய கணினி அரை மணி கூடக் காட்டுகிறதா? நேர வலயத்தில் சென்னை, கொல்கத்தா உள்ள வரியைத் தெரிவுசெய்யுங்கள். மின்சார நெருக்கடியால் 1996இல் அரசு முன்தள்ளிய நேரம் அதில் இன்னும் கிடக்கிறது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். புலிகளின் பகுதியோ அந்தப் பத்து வருடமும் பழைய நேரத்திலேயே இருந்தது. 1977, 1981 வன்செயல்களில் இரத்தினபுரித் தோட்டங்களை விட்டு வன்னிக்கு ஓடிய நம் உறவுகள் பலரின் வீட்டுக் கடிகாரம், நம்முடையதைவிட அரை மணி பின்னால் ஓடியது.