சுதேசிக் கப்பலும் தடையிலா வணிகமும்

வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தமிழாய்வுலகம் பெரிதும் தியாக வரலாறாகவே வாசித்து வருகிறது. அதன் பொருளியல் பக்கம் உரிய கவனம் பெறவில்லை. 1906இல் 10 லட்சம் ரூபாய் மூலதனம் திரட்டும் நோக்குடன், 25 ரூபாய்ப் பங்குகளாகத் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம், தூத்துக்குடி – கொழும்பு வழித்தடத்தில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தை எதிர்கொண்டது. கட்டணத்தைக் குறைத்துச் சுதேசிக் கப்பல்களை வீழ்த்த முற்பட்ட அவ்வாங்கில நிறுவனமோ அரசின் அஞ்சல் ஒப்பந்தங்களை ஊன்றுகோலாகக் கொண்டு வளர்ந்தது. 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டார், 1911இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. இதனைத் தடையிலா வணிகப் போட்டியின் முடிவு எனக் கொள்வது பொருந்தாது. பாதுகாப்பு அங்கும் இருந்தது, ஒரு தரப்புக்கு மட்டும். 1651 முதல் 1849 வரை கப்பலோட்டச் சட்டங்களால் தன் கலங்களைக் காத்து வளர்த்த பின்னரே இங்கிலாந்து பிறருக்குத் தடையிலா வணிகத்தைப் பரிந்துரைத்தது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

வளரும் நாட்டின் இளந்தொழிலுக்குக் காப்பு வேண்டும் என்பதற்குத் தூத்துக்குடி வலுவான சான்று. ஆயினும் காப்பு ஒன்றே போதும் எனல் மிகை. 1960களில் தென்கொரியா உள்நாட்டுத் தொழில்களுக்குச் சலுகைக் கடன் அளித்தபோதே ஏற்றுமதி இலக்குகளையும் விதித்தது. விடுதலை இந்தியா காப்பை அளித்தது. அத்தகைய நிபந்தனையை அதே கண்டிப்புடன் விதிக்கவில்லை.