மூன்று இரவு தள்ளி ஒரு காலேஜ்

அந்தமானில் பிளஸ் டூ தேறியவர்கள் 'மெயின்லேண்ட்' என்ற சொல்லை வெளிநாடு என்பதுபோலத்தான் உச்சரிக்கிறார்கள். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், ரூபாயும் அதே ரூபாய்தான். நடுவே மட்டும் சுமார் 1,200 கிலோமீட்டர் கடல். போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய அதே ஊர்) கப்பல் ஏறினால் சென்னைத் துறைமுகம் வர ஏறக்குறைய 60 மணி நேரம். பங்க் வகுப்பில் மூன்று இரவு. காம்ப்பெல் பே மாணவருக்கோ போர்ட் பிளேர் வந்து சேரவே இன்னொரு கப்பல்.

உள்ளூரில் படிக்க வழியே இல்லை என்பதல்ல. 1967இல் ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி வந்தது. 1990இல் மாயாபந்தரில் ஒன்று. மருத்துவக் கல்லூரிக்கு மட்டும் 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை டாக்டராக விரும்பிய தீவுப் பிள்ளைகள் நம்பியிருந்தது, மத்திய அரசு பிற மாநிலக் கல்லூரிகளில் ஒதுக்கும் சில இடங்களைத்தான். எந்த மாநிலம், எந்த ஊர் என்பதை மார்க்கும் மீதமிருக்கும் இடமும் முடிவு செய்யும். பாஷை புரியுமா, சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்பதெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு யோசிக்க வேண்டியவை.

தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடம். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் 3.8 லட்சம் மக்களில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். வேலை தேடிக் கப்பலேறியவர்கள் பலர்; கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களும் உண்டு. அவர்களின் பேரப்பிள்ளைகள் தமிழ்நாட்டில் இடம் கேட்கும்போது முதல் கேள்வி, "இருப்பிடச் சான்றிதழ் எங்கே?" படித்தது தமிழ்நாட்டில் இல்லை, பிறந்ததும் இல்லை. சாதிச் சான்றிதழ் இன்னும் சிக்கல். அந்தமானுக்கென்று பட்டியல் சாதிகள் அறிவிக்கப்படவே இல்லை. ஆகவே தாத்தா விட்டுவந்த ஊரின் தாசில்தார் அலுவலகத்தைத் தேடிப் போகவேண்டும். அந்த ஊரில் அவரை யாருக்காவது ஞாபகம் இருந்தால் அதிர்ஷ்டம். தமிழர் என்று சொல்லிக்கொள்ள நாக்கு போதும். நிரூபிக்க ரப்பர் ஸ்டாம்ப் வேண்டியிருக்கிறது.

நாக்கிலும் ஒரு வில்லங்கம். தீவில் வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி. வங்காளி, தெலுங்கர், மலையாளி, நிக்கோபாரி எல்லோருக்கும் பொதுவாக அங்கே புழங்குவது ஒரு கலப்பட இந்தி. சென்னை ஹாஸ்டலில் இவன் தமிழ் பேசினால் நடுவில் 'அச்சா' வந்து விழும். அறைத் தோழர்கள் 'இந்திக்காரன்' என்பார்கள். வடக்கேயிருந்து வந்த மாணவர்களிடம் இந்தி பேசினாலோ இலக்கணம் எங்கே என்று சிரிப்பார்கள். முதல் செமஸ்டர் முழுக்க இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நிற்பதிலேயே போய்விடும்.

சூரியன்கூடப் பழக்கமில்லாத நேரத்தில் மறைகிறது. தீவுகள் சென்னைக்குக் கிழக்கே 12 பாகைக்கு மேல் தள்ளியிருந்தாலும் கடிகாரம் ஒன்றுதான். அதனால் அங்கே முக்கால் மணி நேரத்துக்கு மேல் முன்னதாகவே விடிகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் விளக்கேற்றியாக வேண்டும். ஐந்து மணிக்கு எழுந்து பழகியவன் ஹாஸ்டலில் தனியாக விழித்துக்கொண்டு கிடக்கிறான். ரயிலை முதன்முதலாக நேரில் பார்ப்பதும் இங்கேதான். தீவுகளில் தண்டவாளமே கிடையாது.

இதெல்லாம் நான்கு மாதத்தில் பழகிவிடும். பழகாதது பண்டிகை. பொங்கலுக்கு நாலைந்து நாள் விடுமுறை என்றதும் மதுரைக்காரனும் கோவைக்காரனும் இரவு பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள். அந்தமான்காரன் கணக்குப் போடுகிறான்: போக மூன்று இரவு, வர மூன்று இரவு, வீட்டில் இருக்க மைனஸ் ஒரு நாள். விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். சீசன் கட்டணத்தைக் கேட்டால் அப்பாவின் சம்பளம் ஞாபகம் வரும். மெஸ்ஸும் மூடிவிடும். உள்ளூர் நண்பன் வீட்டுக்குக் கூப்பிட்டால்தான் பொங்கல்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு வந்த நாட்கள் வேறு மாதிரி. சுனாமியில் கார் நிக்கோபார், கச்சால் போன்ற தீவுகளுடன் தொடர்பே அறுந்துபோனது. மெயின்லேண்டில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு வீடு இருக்கிறதா, வீட்டார் இருக்கிறார்களா என்று சொல்ல ஆளில்லை. டி.வி.யில் காட்டிய படங்களில் தங்கள் கரையைத் தேட வேண்டியிருந்தது.

இப்போது தகவலுக்குக் குறைவில்லை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடி கண்ணாடி இழை கேபிள் திறக்கப்பட்டது. அதற்குமுன் செயற்கைக்கோளை நம்பி ஊர்ந்துகொண்டிருந்த இன்டர்நெட்டில் விண்ணப்பம் போடுவதே ஒரு நுழைவுத் தேர்வு. இன்று கலந்தாய்வுத் தேதி கைபேசியிலேயே வந்துவிடுகிறது. அந்தத் தேதிக்குக் கப்பல் உண்டா என்பது வேறு விஷயம். கல்லூரிகள் திறப்பது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில். கடல் கொந்தளித்தால் பயணம் தள்ளிப்போகும். கப்பல் அட்டவணை போடுகிறவர்கள் சேர்க்கைக் காலண்டரையும் மேஜைமேல் ஒருமுறை விரித்துப் பார்த்தால், முதல் வாரத்து வகுப்புகளை ஒரு கூட்டமே தவறவிடாமல் இருக்கும்.