கோடு போடும் கை

ஒருவருடைய வாக்குச்சீட்டைப் பறிக்காமலே அவருடைய வாக்கைச் செல்லாக்காசாக்க முடியுமா? முடியும் என்று அமெரிக்காவின் அலபாமா மாநிலம் காட்டியிருக்கிறது.

அங்குள்ள செல்மா நகரின் பெயரை நம்மில் பலர் கேட்டிருப்போம். 1965 மார்ச் 7, ஞாயிறன்று, வாக்குரிமை கேட்டு நடந்துவந்த கறுப்பின மக்களைக் காவலர்கள் பாலத்தருகே தடிகொண்டு அடித்தனர். காயமுற்றோரைப் பேணியது அருள்சகோதரிகள் நடத்திய நல்ல சமாரியர் மருத்துவமனை. அடுத்த நாள்களில் வெளி மறைமாவட்டங்களிலிருந்து குருக்களும் துறவியரும் வந்து மக்களோடு நடந்தனர். உள்ளூர்ப் பேராயர் டூலன் அதை விரும்பவில்லை என்பதையும் நாம் மறைக்கத் தேவையில்லை. ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது.

வாக்குச்சாவடிக் கதவு திறந்தது. ஆனால், பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு முடிந்ததும் காங்கிரஸ் தொகுதிகளுக்கு எல்லை வரைவது அலபாமாவில் மாநிலச் சட்டமன்றமே. (அங்கே காங்கிரஸ் என்பது கட்சியல்ல, நாடாளுமன்றம்.) சிறுபான்மை மக்களை ஒரே தொகுதிக்குள் திணித்துவிட்டால், மற்றத் தொகுதிகளில் அவர்கள் குரல் எடுபடாது. சேர்ந்து வாழும் ஊர்களைத் துண்டுதுண்டாகப் பிரித்தாலும் அதே கதிதான்.

அலபாமாவில் கறுப்பின மக்கள் ஏறக்குறைய 27 விழுக்காடு. தொகுதிகள் 7. 2021இல் வரைந்த வரைபடத்தில் அவர்கள் பெரும்பான்மையாக இருந்தது ஒன்றில் மட்டுமே. கரிசல் மண்ணால் 'கறுப்புப் பட்டை' என்று பெயர்பெற்ற பகுதி உண்டு. பருத்திக் காடுகளில் அடிமைகளாய் உழைத்தோரின் வழிமரபினர் இன்றும் திரளாக வாழும் மண் அது. அந்தப் பகுதி பல தொகுதிகளுக்குப் பங்குபோடப்பட்டது.

மக்கள் வழக்குத் தொடர்ந்தனர். அவர்களுக்குத் துணைநின்றது 1982இல் வந்த ஒரு திருத்தம்: கெட்ட எண்ணத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை, விளைவைக் காட்டினால் போதும். அடுத்தவர் மனத்திலுள்ள வஞ்சத்தை நீதிமன்றத்தில் யாரால் திறந்து காட்ட முடியும்? ஆகவே, இத்திருத்தத்தைச் சட்டத்தின் உயிர்நாடி என்றே நாம் கருதுகிறோம். 2013இல், இத்தகைய மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்ற நடுவண் அரசிடம் முன்அனுமதி பெறவேண்டும் என்ற காப்பை உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தபின், எஞ்சியிருந்த பெரிய ஆயுதமும் இதுவே.

2023 ஜூன் 8 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2013 தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸே இதையும் எழுதினார் என்பது வியப்பு. அதற்குப் பிறகும் சட்டமன்றம் பணியவில்லை. இரண்டாவது தொகுதியில் கறுப்பின மக்களை ஏறக்குறைய 40 விழுக்காட்டோடு நிறுத்தியது. நீதிமன்றம் அதையும் தள்ளிவிட்டு, தான் நியமித்த வல்லுநர் வரைந்த வரைபடத்தை ஏற்றது. 2024 நவம்பரில் அந்தத் தொகுதியில் ஷோமாரி ஃபிகர்ஸ் வென்றார். செல்மா அடங்கிய 7ஆம் தொகுதியின் உறுப்பினர் டெர்ரி சூவெலோடு சேர்த்து, அலபாமாவிலிருந்து கறுப்பினத்தவர் இருவர் ஒரே வேளையில் காங்கிரசுக்குச் சென்றது அதுவே முதல்முறை.